ஆமிஷ் மக்களின் எளிமையும் எங்கள் ஊர் வரி நோட்டும்

கேள்வி: பாலக்கோட்டை அடுத்த ஒரு கிராமம் எனக்குச் சொந்த ஊர். வயது 38. பெங்களூரில் மென்பொருள் வேலை. மனைவி, ஆறாவதும் மூன்றாவதும் படிக்கும் இரண்டு பிள்ளைகள். அமெரிக்காவில் வாழும் ஆமிஷ் மக்களைப் பற்றிய ஓர் ஆவணப்படம் பார்த்ததிலிருந்து மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. அப்பா விட்டுச்சென்ற இரண்டரை ஏக்கர் நிலம் ஊரில் இருக்கிறது. அவர்களைப்போலக் கடவுள் நம்பிக்கையோடும் ஊரோடும் எளிமையாக அங்கே வாழ முடியுமா? முதலில் எதை எதை விட வேண்டும்?

தம்பி, முடியும். ஆனால் ‘எதை விட வேண்டும்’ என்ற இடத்தில் தொடங்காதீர்கள். நான் அங்கேதான் தொடங்கினேன். ஐந்து மாதம்கூடத் தாங்கவில்லை.

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் 14 ஆண்டுகள் ஷிப்ட் வேலை பார்த்துவிட்டு 2004இல் பென்னாகரம் பக்கத்தில் உள்ள எங்கள் ஊருக்குக் குடும்பத்தோடு திரும்பினேன். மூன்று ஏக்கர் மானாவாரிக் கொல்லை, ஓர் ஓட்டு வீடு. வந்ததும் தொலைக்காட்சிப் பெட்டியை விற்றேன். கைபேசியை அணைத்துப் பரண்மேல் வைத்தேன். எனக்கு இரண்டு வேட்டி, இரண்டு சட்டை போதும் என்று மற்றதைக் கொடுத்துவிட்டேன். காலையில் கூழ், இரவில் களி. விடியுமுன் எழுந்து விளக்கேற்றிப் பதிகம் பாடினேன். நேரம் வீணாகிறது என்று ஊரில் ஒருவர் வீட்டு நல்லது கெட்டதுக்கும் போகவில்லை. ஐந்தாம் மாதம் ஒரு நாள் இரவு என் மனைவி கேட்டாள்: “இந்தத் தவம் யாருக்காக? எனக்கும் பிள்ளைகளுக்கும் இல்லை. ஊருக்கும் இல்லை. சாமிக்கா? சாமி வந்து உங்களிடம் கேட்டதா?”

என்னிடம் பதில் இல்லை. பின்னாளில் ஆமிஷ் மக்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தபோது, அவள் கேட்ட கேள்விக்கு அவர்கள் முந்நூறு ஆண்டுகளாக வாழ்ந்தே பதில் சொல்லிவருவதைக் கண்டேன். அதனால் அவர்களிடமிருந்தே தொடங்குகிறேன்.

ஆவணப்படம் குதிரை வண்டியைக் காட்டியிருக்கும். விளக்கு வெளிச்சத்தில் உண்ணும் குடும்பம், வெள்ளைத் தொப்பி அணிந்த பெண்கள், சோளக்காட்டில் ஏர் இழுக்கும் குதிரைகள். அந்த வண்டியை ஓடவைக்கும் ஏற்பாடு படத்தில் அவ்வளவாகத் தெரியாது. 1525இல் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் ஒரு சிறு கூட்டம், அறியாக் குழந்தைக்குக் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லாது, வளர்ந்தவர் தெரிந்து ஏற்பதே செல்லும் என்று சொல்லித் திருச்சபையிலிருந்து பிரிந்தது. அதற்காக அவர்களில் பலரை நீரில் மூழ்கடித்தும் எரித்தும் கொன்றார்கள். அந்த வழியில் வந்தவர்களிலிருந்து 1693இல் ஜேக்கப் அம்மான் என்பவர் தலைமையில் பிரிந்தவர்கள்தான் ஆமிஷ். 18ஆம் நூற்றாண்டில் கடல் கடந்து பென்சில்வேனியாவுக்குப் போனார்கள். இன்று அமெரிக்காவிலும் கனடாவிலுமாக மூன்றரை லட்சம் பேருக்கு மேல் இருக்கிறார்கள். அவர்கள் பிறந்த ஐரோப்பாவில் அந்தப் பெயரில் ஒரு சபைகூட மிஞ்சவில்லை.

இருபது முதல் நாற்பது குடும்பங்கள் சேர்ந்தது ஒரு சபை. பெரும்பாலான சபைகளுக்குக் கோயில் கட்டடம் கிடையாது. இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு, முறைவைத்து ஒவ்வொருவர் வீட்டிலும் வழிபாடு. உட்காரும் பலகைகளையும் பாட்டுப் புத்தகங்களையும் ஏற்றிய ஒரு வண்டி வீடு வீடாகப் போகும். வழிபாடு முடிந்ததும் எல்லோருக்கும் அங்கேயே சாப்பாடு. போதகர் என்று படித்துச் சம்பளம் வாங்குபவர் யாரும் இல்லை. சபையார் சுட்டும் ஆண்களுக்குள் திருவுளச்சீட்டுப் போடுகிறார்கள். பாட்டுப் புத்தகத்துக்குள் சீட்டு யாருக்கு வருகிறதோ அவர் வாழ்நாள் முழுவதும் ஊதியமில்லாமல் அந்தப் பொறுப்பைச் சுமக்க வேண்டும். நம் பக்கம் அம்மனிடம் பூக்கேட்டு முடிவு செய்கிறோமே, அதே மனம்தான்.

‘ஓர்ட்னுங்’ என்று ஒன்றை அவர்கள் சொல்வார்கள். சபையின் ஒழுங்கு. பெரும்பாலும் எழுதிவைக்கப்படாதது. என்ன உடுத்தலாம், எந்தக் கருவி கூடும், எது கூடாது என்பதெல்லாம் அதில் அடங்கும். சபைக்குச் சபை வேறுபடும். படம் பார்க்கிறவர்கள் இவர்களை நவீனக் கருவிகளின் எதிரிகள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது சரியல்ல. பல சபைகளில் தொலைபேசி உண்டு, ஆனால் வீட்டுக்குள் இல்லை. பாதையோரம் ஒரு சிறு கொட்டகையில் இருக்கும், சில வீடுகளுக்குப் பொது. காரில் ஏறிப்போவார்கள், சொந்தமாக வாங்க மாட்டார்கள். மின்கம்பியிலிருந்து வீட்டுக்கு இணைப்பு எடுக்க மாட்டார்கள், பாட்டரி வைத்துக்கொள்வார்கள். ஒரு புதிய கருவி வந்தால், ‘இது நம்மை அண்டைவீட்டாரிடமிருந்து பிரிக்குமா, பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரிக்குமா’ என்று சபை கேட்கிறது. கார் சொந்தமாக இருந்தால் இருபது மைல் தள்ளிக் குடியிருக்கலாம், ஆபத்துக்கு ஓடிவர முடியாது. குதிரை வண்டி எட்டும் தூரத்துக்குள்தான் ஊர் இருக்க வேண்டும் என்றால் குதிரை வண்டியே இருக்கட்டும் என்று முடிவு செய்தார்கள்.

இந்த ஒழுங்கை ஆண்டுக்கு இருமுறை, அப்பமும் திராட்சை ரசமும் பகிர்ந்துகொள்ளும் திருவிருந்துக்கு முன்னால், சபை கூடி எடுத்துப் பேசுகிறது. ஒவ்வொருவரிடமும் சம்மதம் கேட்கப்படும். சபைக்குள் தீராத மனக்கசப்பு இருந்தால் திருவிருந்தே தள்ளிப்போகும். அதாவது, எளிமை அங்கே ஒருவருடைய விரதம் கிடையாது. நாற்பது வீட்டார் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்ட வாக்கு. நான் தொலைக்காட்சியை விற்றபோது யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. அதனால் யாரும் என்னைத் தாங்கவும் இல்லை.

களஞ்சியம் எரிந்துபோனால் அக்கம்பக்கத்தார் நூற்றுக்கணக்கில் திரண்டு ஓரிரு நாளில் மரச்சட்டம் நிறுத்திக் கூரை போட்டுக் கொடுத்துவிடுவது அவர்கள் வழக்கம். பொதுவாக வணிகக் காப்பீடு எடுப்பதில்லை. மருத்துவச் செலவு வந்தால் சபை கூடி ஏற்கிறது. முதியவர்களைப் பார்த்துக்கொள்வது தங்கள் சமயக் கடமை, அதை அரசிடம் ஒப்படைக்க முடியாது என்று வாதாடி, 1965இல் சமூகப் பாதுகாப்பு வரியிலிருந்து சுயதொழில் செய்வோருக்கு விலக்கே பெற்றார்கள். ஓய்வூதியம் வேண்டாம் என்று சொல்ல எவ்வளவு நம்பிக்கை வேண்டும், யோசித்துப் பாருங்கள். கடவுள்மேல் மட்டும் அல்ல, பக்கத்து வீட்டுக்காரன்மேலும்.

2006 அக்டோபரில் பென்சில்வேனியாவின் நிக்கல் மைன்ஸ் என்ற இடத்தில் ஒரு ஆமிஷ் பள்ளிக்குள் புகுந்தவன் சிறுமிகளைச் சுட்டான். ஐந்து பேர் இறந்தார்கள். அவன் தன்னையும் சுட்டுக்கொண்டு இறந்தான். சில மணி நேரத்துக்குள் ஆமிஷ் அண்டைவீட்டார் அவனுடைய மனைவியைத் தேடிப்போய் ஆறுதல் சொன்னார்கள். அவனுடைய அடக்கத்துக்கும் போய் நின்றார்கள். இதை நான் முதலில் படித்த அன்று மாலை வேலை ஓடவில்லை. மன்னிக்கலாமா வேண்டாமா என்று அவரவர் தனியே அமர்ந்து முடிவு செய்யும் விஷயமாக அது இருந்திருந்தால் நடந்திருக்காது. தலைமுறை தலைமுறையாக, திருவிருந்துக்கு முன்னால் பகை தீர்த்துப் பழகியவர்களின் கால்கள் தாமாகவே அந்த வீட்டுக்கு நடந்தன.

அவர்களிடம் எல்லாமே எனக்கு உகந்தவை அல்ல. பிள்ளைகளின் படிப்பை எட்டாம் வகுப்போடு நிறுத்துகிறார்கள். அதற்கான உரிமையை 1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்திலேயே வென்றார்கள். ஞானஸ்நானம் பெற்றபின் சபையின் ஒழுங்கை மீறித் திருந்தாதவரை விலக்கிவைக்கிறார்கள். பெற்ற தாயோடும் ஒரே மேசையில் உண்ண முடியாத நிலை வருவதுண்டு. பெண்கள் சபைப் பொறுப்புக்கு வர முடியாது. நம் மாவட்டத்துக்காரனுக்கு இவை புதிதல்ல. பெண் குழந்தையைப் பத்தாவதோடு நிறுத்தி மணமுடித்துக் கொடுத்த குடும்பங்கள் எத்தனை என்று உங்களுக்கும் தெரியும். ஊர்விலக்கு என்ற சொல் நம்மிடமும் உண்டு. இதைப் பற்றிப் பிறகு பேசுகிறேன்.

இப்போது நம் ஊர். நமக்கும் ஓர் ஒழுங்கு இருக்கிறது, தம்பி. எழுதப்படாதது. சித்திரையில் எங்கள் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியதும் ஊரில் ஒருவரும் இரவு வெளியூரில் தங்குவதில்லை. கறி சமைப்பதில்லை. கல்யாணப் பேச்சு எடுப்பதில்லை. கை ஓங்குவதில்லை. ஊர்க்கவுண்டர் இதையெல்லாம் பலகையில் எழுதி மாட்டவில்லை. ஆறு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பங்காளி வீடுகள் இருந்தால், காப்புக்கு முந்தைய வெள்ளிக்கிழமை பெரியவர்கள் போய்ப் பேசுவார்கள். பகையோடு காப்புக் கட்டினால் அம்மன் ஏற்க மாட்டாள் என்பது நம்பிக்கை. ஒருமுறை பேச்சு முடியாமல் எங்கள் ஊரில் மூன்று ஆண்டுகள் திருவிழாவே நின்றது. திருவிருந்தைத் தள்ளிவைக்கும் பென்சில்வேனியாக்காரர்களைப் பற்றிப் படித்தபோது எனக்கு அந்த மூன்று சித்திரைகள்தான் நினைவுக்கு வந்தன.

அந்த ஒழுங்கு நம்மிடம் பத்து நாளோடு காப்பு அவிழ்ந்ததும் அவிழ்ந்துவிடுகிறது. அவர்கள் 365 நாளும் காப்புக் கட்டிக்கொண்டு வாழ்கிறார்கள். இடையில் உள்ள தூரம் அவ்வளவுதான் என்று நான் நினைக்கிறேன்.

என் தவம் எப்படி முடிந்தது என்று சொல்கிறேன். 2005 பங்குனியில் ஒரு மத்தியானம் எங்கள் சோளத்தட்டுப் போர் தீப்பிடித்தது. கொல்லையோரம் யாரோ சருகு எரித்த பொறி. இரண்டு பசுக்களுக்கு ஆடி மழை வரைக்குமான தீவனம், ஒரு மணி நேரத்தில் கரியாகிவிட்டது. நான் யார் வீட்டுக்கும் போகாதவன், யாரிடமும் கேட்க வாய் வரவில்லை. மறுநாள் விடியலில் கதவைத் திறந்தபோது, களத்தில் தட்டுக் கட்டுகள் கிடந்தன. இரவில் யார் யாரோ கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். எண்ணிப் பார்த்தேன், 43 கட்டு. சில கட்டு அரிவாளால் சீராக அறுத்தது, சில வேரோடு பிடுங்கியது, சிலவற்றைக் கற்றாழை நாரால் கட்டியிருந்தார்கள், சிலவற்றைப் பழைய சேலைக் கிழிசலால். கட்டைப் பார்த்தே இது இந்த வீடு, அது அந்த வீடு என்று என் சித்தப்பா சொல்லிக்கொண்டே வந்தார். “மறக்காதே, அவர்கள் வீட்டில் அடுத்த வேலை வரும்” என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு எந்த வீட்டு நல்லது கெட்டதுக்கும் நான் போகாமல் இருந்ததில்லை.

அடுத்த மாதம் சித்திரை. தலைக்கட்டு வரி கட்டக் கோயில் திண்ணைக்குப் போனேன். வெளியூர்ப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: திருமணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு, திருவிழாச் செலவை வீடுகளுக்குச் சமமாகப் பிரிப்பார்கள், ஐந்து ஏக்கர்க்காரனுக்கும் அரை ஏக்கர்க்காரனுக்கும் ஒரே வரி. நீளமான நோட்டு, சிவப்பு அட்டை, முதல் பக்கத்தில் மஞ்சள் தடவிப் பிள்ளையார் சுழி. கணக்கு எழுதுபவர் ஒற்றை விரலால் பெயர் தேடினார். நான் ஓசூரில் இருந்தபோது 1993இல் எனக்குத் திருமணம் நடந்தது. அந்த ஆண்டிலிருந்து ஒவ்வொரு திருவிழாவுக்கும் என் பெயருக்கு நேரே வரி கட்டப்பட்டிருந்தது. ஓரத்தில் சின்னதாக ‘சித்தப்பா கை’ என்று குறிப்பு. அவர் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. மழை பொய்த்த ஆண்டுகளிலும் கட்டியிருந்தார். நான் ஓசூரில் ஷிப்ட் முடிந்து படுத்திருந்த இரவுகளில் எல்லாம் இந்த ஊரில் ஒரு வீடாகவே இருந்திருக்கிறேன்.

2007 முதல் அந்த நோட்டை நான் எழுதுகிறேன்.

அதனால்தான் சொல்கிறேன், எதை விடுவது என்பதைவிட, உங்களிடம் உரிமையோடு வந்து கேட்கப் போகிறவர்கள் யார் என்று முதலில் பாருங்கள். ‘உன் டிராக்டர் நாளைக்கு வேண்டும்’, ‘என் மகனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடு’, ‘அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும், எழுந்திரு’ என்று நள்ளிரவில் கதவைத் தட்டுகிறவர்கள். அப்படி நாலு பேர் இருந்தால் தேவையில்லாதவை தாமாகக் குறையும். நேரமும் பணமும் வேறு இடத்துக்குப் போய்விடும். கைமாற்றுக் கேட்டு ஒருவர் வாசலில் நிற்கும்போது மூன்றாவது கைபேசி வாங்கக் கூசும்.

சாப்பாட்டைப் பற்றியும் கொஞ்சம். சிறுதானியம் உண்பது இப்போது நகரத்தில் நாகரிகமாகிவிட்டது. நம் பக்கம் களி உண்பது கொள்கை அல்ல, வீட்டு வேலை. கொதிக்கும் தண்ணீரில் ஒரு பிடி நொய் வெந்ததும் கேழ்வரகு மாவைக் குவியலாகக் கொட்டி, துடுப்பால் நடுவில் குழி போட்டு, மூடி வேகவிட வேண்டும். பிறகுதான் பாடு. பானையைக் கவைக்கோலால் ஒருவர் அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் இரு கையாலும் துடுப்பைப் பிடித்துக் கிண்டுவார். மாவு கட்டி தட்டாமல் பானையை விட்டுத் திரண்டு வரும்வரை நிறுத்தக் கூடாது. நான்கு பேருக்கு மேல் கிண்டினால் ஒருவரால் ஆகாது. என் மனைவி கிண்டுவாள், நான் கவை பிடிப்பேன். அந்தப் பத்து நிமிடத்தில் நாங்கள் பேசித் தீர்த்த சண்டைகள் ஏராளம். தண்ணீர் தொட்ட கையால் உருட்டி, அவரைக்கொட்டைக் குழம்பில் குழி செய்து வைத்தால், சூடு ஆறுவதற்குள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்துவிட வேண்டும். ஆறிய களி இறங்காது. களி சமைக்கும் வீட்டில் ஒருவர் எட்டு மணிக்கும் இன்னொருவர் பத்து மணிக்கும் சாப்பிட முடியாது. அந்த நன்மைக்காகவே அதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆடியில் விதைத்து, பத்து வரிசை கேழ்வரகுக்கு ஒரு வரிசை அவரையோ துவரையோ ஊடுபயிராக விட்டால், நல்ல மழைக்கு ஓர் ஏக்கரில் என் கொல்லையில் ஆறேழு மூட்டை வரும். குடும்பத்துக்கு நான்கு மூட்டை போதும். கேழ்வரகைப் பூச்சி அண்டாது. குதிரில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். ஆனால் இரண்டரை ஏக்கர் மானாவாரியில் பள்ளிக் கட்டணமும் மருத்துவச் செலவும் வராது. பாதி வேலையை வீட்டிலிருந்தே செய்ய உங்கள் நிறுவனம் ஒப்புக்கொண்டால் வெட்கப்படாமல் செய்யுங்கள். ஆமிஷ் மக்களிலும் இன்று பலர் நிலத்தை மட்டும் நம்பி இல்லை. மரவேலை, கட்டுமானம் என்று பிழைக்கிறார்கள்.

போர்வெல் தண்ணீரைக் குடிப்பதற்கு முன் புளோரைடு சோதனை செய்துவிடுங்கள். நம் மாவட்ட நிலத்தடி நீரின் பழைய வினை இது. பெரியவர்களின் பல் கறையைப் பார்த்தே சொல்லலாம். 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தபிறகு நிலைமை மாறியிருக்கிறது. குழாயில் வருவது அந்த நீர்தானா, போர்வெல் கலப்பா என்று பஞ்சாயத்தில் கேளுங்கள். எளிய வாழ்க்கை என்று பிள்ளைகளின் எலும்பைப் பணயம் வைக்க வேண்டாம். பள்ளியையும் அப்படியே. அரசுப் பள்ளியில் சேர்ப்பீர்கள் என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் நீங்கள் உட்கார வேண்டும். சேர்த்துவிட்டு ஒதுங்கிக்கொள்வதாக இருந்தால் சேர்க்காதீர்கள்.

கிராமத்து வாழ்க்கையில் எளிமையைத் தின்பது கைபேசி அல்ல, கல்யாணம். என் அக்காள் மகளின் திருமணத்துக்கு ஏழு சவரன் என்று பேசி, பந்தல், பிளெக்ஸ், இரண்டு வேளை விருந்து என்று ஏறிப்போய், ஒரு நிதி நிறுவனத்தில் வாரத் தவணைக் கடன் எடுத்தார்கள். செவ்வாய்க்கிழமை தோறும் வசூலுக்கு வருகிறவர் தெருமுனையில் வண்டியை நிறுத்தும் சத்தம் கேட்டாலே அக்காளின் முகம் மாறும். நான்கு ஆண்டுகள் அதைப் பார்த்தேன். மொய் என்பது ஒரு காலத்தில் நம்முடைய களஞ்சியம் கட்டும் வேலைதான். இன்று நீ போட்டதை நாளை நான் திருப்புவேன், வட்டி கிடையாது. விழாச் செலவு மொய்யை விஞ்சியபோது அந்த ஏற்பாடு செத்தது. இப்போது எங்கள் தெருவில் பதினோரு வீட்டார் பேசி வைத்திருக்கிறோம்: கோயிலில் தாலி, ஒரே வேளைச் சாப்பாடு, பிளெக்ஸ் கிடையாது. எழுதி வைக்கவில்லை. இதுவரை யாரும் மீறவில்லை. ஒரு வீடு தனியாக முயன்றிருந்தால் ‘கஞ்சப் பிசினாரி’ என்று பெயர் எடுத்திருக்கும்; பதினோரு வீடு சேர்ந்ததால் அது வழக்கமாகிவிட்டது.

மதுவும் அப்படித்தான். 1937இல் ராஜாஜி மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது அன்றைய சேலம் மாவட்டத்தில்; தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அப்போது அதற்குள் அடங்கியவை. ராஜாஜி பிறந்த தொரப்பள்ளியும் ஓசூர்ப் பக்கம்தான். சட்டம் வந்தது, போனது. எங்கள் ஊரில் இன்றும் காப்புக் கட்டிய பத்து நாள் குடிக்காத ஆண்கள், பதினோராம் நாள் குடிக்கிறார்கள். பத்து நாள் முடிகிறது என்றால் முடியும் என்றுதானே பொருள்? இதை நான் கோயில் கூட்டத்தில் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

ஊர் ஊர் என்று இவ்வளவு சொல்லிவிட்டு ஒன்றை மறைத்தால் அது பாவம். ஊர் என்று நான் எழுதும்போது யாரைச் சொல்கிறேன்? நான் கையில் எடுத்த நோட்டில் காலனி வீடுகளுக்குப் பக்கமே இல்லை. என் தட்டுப்போர் எரிந்தபோது வந்த 43 கட்டில் ஆறு கட்டு அந்தத் தெருவிலிருந்து வந்தவை. கற்றாழை நார் முடிச்சைப் பார்த்துச் சித்தப்பாவே சொன்னார். கட்டு வரலாம், வரி வரக் கூடாது. 2012 நவம்பரில் ஒரு காதல் திருமணத்தைச் சாக்காக வைத்து, தருமபுரிக்கு அருகே நாயக்கன்கொட்டாய் பகுதியில் நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி என்ற மூன்று தலித் குடியிருப்புகளை எரித்தார்கள். எரித்தவர்களும் காப்புக் கட்டுகிறவர்கள்தான், வரி கட்டுகிறவர்கள்தான். ஒற்றுமையாகத்தான் போனார்கள். அந்த வாரம் நான் நோட்டைத் திறக்கவில்லை. சாமியை நம்பும் ஊர், சேர்ந்து நிற்கும் ஊர் என்பது மட்டும் போதாது என்று அன்று புரிந்தது. யாரைச் சேர்த்துக்கொண்டு நிற்கிறது என்று கேட்க வேண்டும்.

ஆடிக் கூழுக்கு இப்போது இரண்டு தெருவின் மாவும் ஒரே அண்டாவில் வேகிறது. ஆறு ஆண்டுகள் ஆகின்றன. நோட்டில் பக்கமும் திறந்துவிட்டோம். அதற்காக இரண்டு குடும்பங்கள் என்னோடு பேச்சை நிறுத்தின. ஒன்று திரும்பி வந்தது. தேர் இன்னும் அந்தத் தெருவுக்குள் போகவில்லை. நீங்கள் ஊருக்கு வந்தால் இந்த இடத்தில் எங்கே நிற்பீர்கள் என்பதைப் பெட்டி கட்டுவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். வந்தபின் யோசிக்கலாம் என்று இருந்தால், பழைய வழக்கத்தோடு போய்விடுவதே எளிதாகத் தோன்றும்.

ஒருமுறை சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே உள்ள சிட்லிங்கிப் பள்ளத்தாக்குக்குப் போய்வாருங்கள். அரூரிலிருந்து பஸ் உண்டு. 1993இல் ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற மருத்துவத் தம்பதி அங்கே ஒரு குடிசையில் மருத்துவமனை தொடங்கினார்கள். பக்கத்தில் ஆஸ்பத்திரியே இல்லாத, மலையாளி என்று பெயர்கொண்ட மலைப் பழங்குடியினரின் ஊர்கள் அவை. அந்த ஊர்ப் பெண்களையே பயிற்றுவித்துச் செவிலியர்களாகவும் சுகாதாரப் பணியாளர்களாகவும் ஆக்கினார்கள். பின்னர் உழவர்கள் சேர்ந்து இயற்கை வேளாண்மைச் சங்கம் அமைத்தார்கள். லம்பாடிப் பெண்கள் பாட்டிமார் காலத்து ஊசிவேலையை மீட்டெடுத்தார்கள். எளிமையாக வாழ்ந்து பார்க்கலாம் என்று மட்டும் அந்த இருவரும் போயிருந்தால் இரண்டு ஆண்டில் திரும்பியிருப்பார்கள். அங்கே அவர்களுக்கு வேலை இருந்தது, ஊர் விடவில்லை.

உங்களுக்கும் ஊரில் என்ன வேலை என்று பாருங்கள். நீங்கள் கணினி தெரிந்தவர். பட்டா, பயிர்க் காப்பீடு, உதவித்தொகை விண்ணப்பம் என்று அலைகிறவர்கள் நம் பக்கம் ஏராளம். மாலையில் ஒரு மணி நேரம் கோயில் திண்ணையில் உட்கார்ந்தால் போதும், இரண்டு தெருக்காரர்களும் வருவார்கள்.

வேலையை உடனே விடாதீர்கள். பெங்களூரிலிருந்து பாலக்கோடு மூன்று மணி நேரம்கூட இல்லை. ஒரு வருடம் ஒவ்வொரு அமாவாசைக்கும் வாருங்கள், திருவிழாவுக்குக் காப்புக் கட்டி முழு நாளும் இருங்கள், யார் வீட்டுச் சாவானாலும் வாருங்கள். மனைவியின் சம்மதத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். என்னைப்போல ஐந்தாம் மாதம் கேள்வி வாங்காதீர்கள்.

முதல் முறை வரும்போது உங்கள் ஊரில் வரி நோட்டு எழுதுபவர் யார் என்று விசாரித்து, உங்கள் பெயர் இருக்கும் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். திருமணமான ஆண்டிலிருந்து இன்றுவரை அதற்கு நேரே யார் கை எழுதியிருக்கிறது என்று பாருங்கள். வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, அன்று சாயங்காலமே அந்த வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள்.